ஊர்த் திட்டம் படிக்கப் பழகுதல்

பால் மரம் வெட்டத் தெரியாத ஒருவர் கையில் கத்தியைக் கொடுத்து, முதல் நாளே இளமரக் காட்டில் இறக்கிவிடும் தண்டல் எந்தத் தோட்டத்திலும் இருந்ததில்லை. புதிதாகப் பழகுகிறவருக்கு முதலில் கொடுப்பது கிழட்டு மரங்கள். இன்னும் சில காலத்தில் வெட்டிச் சாய்க்கப்படவிருக்கும் மரங்கள். அங்கே பட்டையில் காயம் பட்டாலும் பெரிய நஷ்டமில்லை. பக்கத்து நிரையில் கை பழகிய ஒருவர் வெட்டிக்கொண்டிருப்பார். அவர் கத்தியைப் பிடிக்கும் விதம், கோட்டின் சாய்வு, மரத்தைத் தொடாமல் பட்டையில் மெல்லிய ஏட்டை விட்டுவைக்கும் அளவு ஆகியவற்றைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்ள வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்து யாரும் கற்றதில்லை.

இன்று நாம் பேசப்போவது மரம் வெட்டுவதைப் பற்றியன்று. ஓர் ஊர் எப்படி அமைய வேண்டும், எங்கே வீடு, எங்கே தொழிற்சாலை, எங்கே சாலை என்று தீர்மானிக்கும் திட்டங்களை நம் மக்களும் படித்து, தங்கள் கருத்தைச் சொல்லப் பழகுவதைப் பற்றியது. அந்தப் பழக்கமும் மரம் வெட்டுவதைப் போலவே, தெரிந்தவர் பக்கத்தில் தெரியாதவர் நின்று கற்க வேண்டிய கைத்தொழில்தான் என்பது எங்கள் கருத்து. எங்கள் என்பது கெடாவின் தோட்டப் பள்ளிகளில் பாடம் நடத்தும் எங்களைப் போன்ற ஆசிரியர்களை.

முதலில், திட்டம் என்றால் என்ன? நம் நாட்டில் 1976ஆம் ஆண்டில் நகர், கிராமத் திட்டச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் 172 என்றால் அலுவலகத்தில் எவருக்கும் தெரியும். நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ள விஷயம். ஆகவே நாடு முழுவதற்குமான பொதுத் திட்டம் ஒன்று மேலே இருந்தாலும், நம் மண்ணைத் தொடுவது அடுத்த இரண்டு படிகள்தான். மாநிலம் முழுவதற்கும் வரையப்படுவது மாநில அமைப்புத் திட்டம். மலாய் மொழியில் ரஞ்சாஙான் ஸ்ட்ருக்டுர் என்பார்கள். ஒரு மாவட்டத்துக்கோ நகருக்கோ வரையப்படுவது வட்டாரத் திட்டம், அதாவது ரஞ்சாஙான் தெம்பாத்தான். முதலாவது, போகும் திசையைச் சொல்லும். இரண்டாவது, இந்த லாட் நிலம் இதற்கு, அந்த லாட் நிலம் அதற்கு என்று வண்ணம் தீட்டிக் காட்டும். வட்டாரத் திட்டத்தை ஊராட்சி மன்றம் தயாரிக்கிறது. மந்திரி புசார் தலைமையில் இயங்கும் மாநிலத் திட்டக் குழு அதை அங்கீகரித்த பிறகு அது சட்டபூர்வமாகிறது. பின்னர் அந்தத் திட்டத்துக்கு மாறாக எந்தக் கட்டுமானத்துக்கும் ஊராட்சி மன்றம் அனுமதி கொடுக்கக் கூடாது என்பது விதி.

இதில் தோட்டத்துக்காரர்களுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நிலம் கம்பெனியுடையது, வீடு கம்பெனியுடையது, நாம் யார் பேச? கேள்வியில் நியாயம் உண்டு. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். ஒரு தோட்டம் கைமாறும்போது விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் வழக்கறிஞர்கள் உண்டு. மூன்று தலைமுறையாக அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் கையிலோ பட்டா கிடையாது.

ஆனால், அதே காரணத்தால்தான் திட்டம் நமக்கு முக்கியமாகிறது. இந்தச் சட்டத்தில் ஓர் இடத்தைக் கவனியுங்கள். வட்டாரத் திட்டம் இல்லாத பகுதியில் ஒருவர் புதிதாகக் கட்டுமானம் எழுப்ப விண்ணப்பித்தால், பக்கத்து நிலத்தின் சொந்தக்காரர்களுக்கு அறிவிப்பு அனுப்பி, 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லும் வாய்ப்புத் தருகிறது சட்டம். சொந்தக்காரர்களுக்கு! குடியிருப்பவர்களுக்கு அல்ல. லயத்தில் இருப்பவருக்கு அந்த வாசல் சாத்தியே கிடக்கிறது. ஆனால், வட்டாரத் திட்டம் வரையப்படும் காலத்தில் வேறு வாசல் திறக்கிறது. நகல் திட்டம் தயாரானதும் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, பத்திரிகையில் அறிவித்து, ஆட்சேபங்களை எழுத்து மூலம் கேட்டாக வேண்டும். நிலப் பட்டா வைத்திருக்கிறவர்தான் எழுத வேண்டும் என்ற கட்டுப்பாடு அங்கே இல்லை. 2001ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்ட பின், திட்டம் வரையத் தொடங்கும் முன்பே பொதுமக்களுக்கு அறிவித்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்ற பிரிவும் சேர்ந்தது. ஆக, பட்டா இல்லாதவர் நுழையக்கூடிய வாசல் இதுதான். ஏறக்குறைய ஒரு மாத காலம் திறந்திருக்கும். பிறகு மூடினால் மீண்டும் திறக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

அந்த ஒரு மாதத்தில் என்ன பார்க்க வேண்டும்? தோட்டம் முழுவதும் விவசாய நிலம் என்று ஒரே பச்சையாகத் தீட்டப்பட்டிருக்கலாம். அப்படித் தீட்டினால் அந்தப் பச்சைக்குள்ளே இருக்கும் மாரியம்மன் கோயிலும், தமிழ்ப்பள்ளியும், பாட்டன் பூட்டனைப் புதைத்த இடுகாடும் அதே நிறத்தில் கரைந்துவிடும். வரைபடத்தில் தெரியாத கோயில், நாளை புல்டோசர் வரும்போது திட்டத்தில் இல்லாத கோயில் ஆகிவிடுகிறது. கூலிம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1996இல் அங்கே உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்ட பிறகு சுற்றுவட்டாரம் எவ்வளவு விரைவாக மாறியது என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். சுங்கை பட்டாணியைச் சுற்றிலும் ரப்பர்க் காடுகள் தாமான்களாக மாறிய கதையும் அத்தகையதே. மாற்றம் கெடுதல் என்று நாம் சொல்லவில்லை. நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அந்தத் தொழிற்சாலைகளில் நல்ல சம்பளம் வாங்குகிறார்கள். மாற்றத்தின் வரைபடம் மேசையில் விரிந்திருக்கும்போது அதைப் படிக்க நம்மில் ஆள் இருந்தாரா என்பதே கேள்வி.

படிப்பது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்வோம். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் நகர்த் திட்டக் கலையை ஆண்டுக்கணக்கில் படிக்கிறார்கள். அப்படிப் பட்டம் பெற்றவர்கூட மறுநாளே திட்ட வல்லுநர் ஆகிவிட முடியாது. 1995ஆம் ஆண்டின் நகர்த் திட்டமிடுவோர் சட்டப்படி, அவர் நடைமுறை அனுபவம் பெற்ற பிறகே முழு வல்லுநராகப் பதிவு பெறலாம். மூத்தவர் களத்துக்குப் போகும்போது கூடவே போய், அவர் திருத்திய வரைபடத்தைத் திரும்ப வரைந்து, அவர் அதிகாரிகளிடம் வாதாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து அந்த அனுபவத்தைப் பெறுகிறார்கள். பட்டதாரிகளுக்கே இப்படி என்றால், ஆறாம் வகுப்போடு நின்ற நம் சங்கச் செயலாளர் ஒரே நாள் கருத்தரங்கில் எல்லாவற்றையும் கற்றுக்கொள்வார் என்று எதிர்பார்ப்பது எப்படி? கருத்தரங்கு நடத்துகிறார்கள், நல்ல சாப்பாடு போடுகிறார்கள், சான்றிதழ் கொடுத்துப் படமும் எடுக்கிறார்கள். மறுவாரம் கேட்டால் சாப்பாடு மட்டும்தான் நினைவில் இருக்கிறது.

நம்மிடம் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. அதுவும் நம் கெடாவிலேயே உண்டு.

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் இன்றும் பெருமூச்சோடு சொல்லும் சொல் அப்போது வந்ததுதான். துண்டாடப்பட்ட தோட்டத்தில் வேலை போயிற்று, வீடு போயிற்று, பள்ளிக்கூடம் போயிற்று. பேராசிரியர் உங்கு அஜிஸ் இதைப் பற்றி விரிவான ஆய்வே நடத்தினார். இதற்கு மாற்றாக 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளி ஒரு பங்கு. மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டலாம். அன்றைய கூலியில் பத்து வெள்ளி என்பது வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். அவர் தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர்கள் நடுவில் நின்று பேசினார். அந்தச் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் எது தெரியுமா? கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம்.

இந்த வரலாற்றில் தலைவரின் பெயரும் தோட்டத்தின் பெயரும்தான் பெரும்பாலும் பேசப்படுகின்றன. நாம் வேறொன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கான தோட்டங்களில் மாதந்தோறும் பணம் சேர வேண்டுமானால், ஒவ்வோர் இடத்திலும் பெயர்ப் பட்டியல் வைத்திருக்க ஒருவர் வேண்டும். ரசீது எழுதத் தெரிய வேண்டும். 'போன மாதம் நான் கட்டினேனே' என்று கேட்பவருக்கு ஏட்டைத் திறந்து காட்டத் தெரிய வேண்டும். பொதுக்கூட்டம் என்றால் என்ன, பங்காதாயம் என்றால் என்ன என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு விளங்கச் சொல்ல வேண்டும். பேச்சு, பணத்தைக் கொண்டுவரும்; கணக்குத்தான் பணத்தைக் காப்பாற்றும். கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகிகளைப் பயிற்றுவிக்கவென்றே 1956இலேயே கூட்டுறவுக் கல்லூரி ஒன்று நிறுவப்பட்டிருந்தது. பெட்டாலிங் ஜெயாவில் உள்ள அது இன்று மலேசியக் கூட்டுறவுக் கழகம் என்ற பெயரில் நடக்கிறது.

கூட்டம் நடத்தும் கலையை வேறு வழியிலும் நம் இளைஞர்கள் கற்றார்கள். கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு ஏடு 1950களில் வளர்த்த மாணவர் மணிமன்றமும், அதன் வழிவந்த தமிழ் இளைஞர் மணிமன்றங்களும் பல தோட்டங்களில் இருந்தன. கவியரங்கம், பட்டிமன்றம் என்று நினைவுகூர்கிறோம். ஆனால், அங்கே போன மாதக் கூட்டக் குறிப்பை வாசித்து ஏற்றுக்கொள்வது, தீர்மானத்தை முன்மொழிவது, வழிமொழிவது, வரவு செலவு காட்டுவது எல்லாம் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குக் கைவந்தன. பிற்காலத்தில் கோயில் நிர்வாகத்திலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் தொழிற்சங்கக் கிளையிலும் அந்தப் பழக்கம் எவ்வளவு உதவும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இன்று விளையாட்டு மன்றம் உண்டு, கலை நிகழ்ச்சி உண்டு. கூட்டக் குறிப்பு எழுதத் தெரிந்த பதினாறு வயதுப் பிள்ளையைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது.

இனி, வரைபடத்தையே ஊர் மக்கள் கையில் எடுத்த ஒரு நாட்டைப் பார்ப்போம். நம் தோட்டங்களுக்குக் கிராணிமாராகப் பலர் வந்தார்களே, அந்த மலையாள நாடுதான். கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் கல்யாசேரி என்ற ஊராட்சி இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில், கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கத்தினர், நிலவியல் அறிஞர்களுடன் சேர்ந்து, அவ்வூர் மக்களைக் கொண்டே ஊரின் வளங்களை வரைபடமாக்கினார்கள். ஊர் இளைஞர்கள் நில அளவைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வயல் வயலாக, தோப்புத் தோப்பாக நடந்தார்கள். இங்கே என்ன மண், இங்கே எத்தனை மாதம் தண்ணீர் நிற்கிறது என்று குறித்துக்கொண்டார்கள். படித்தவர்கள் முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஊரார் ஊரைச் சொல்லிக்கொடுத்தார்கள்.

பின்னர் 1996 ஆகஸ்டு 17ஆம் நாள் கேரள அரசு மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத் திட்டப் பணத்தில் நூற்றுக்கு 35 முதல் 40 பங்கு உள்ளாட்சி மன்றங்களுக்கே என்று ஒதுக்கப்பட்டது. பணம் வந்துவிட்டது, திட்டம் போட ஆள்? அதற்கு அவர்கள் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். மாநில அளவில் சில நூறு பேர் பழகினார்கள். அவர்கள் மாவட்டங்களில் சில ஆயிரம் பேரைப் பழக்கினார்கள். அந்த ஆயிரக்கணக்கானோர் ஊர்களில் பழக்கியவர்களின் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது. எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்கு அடுத்தது. ஊர்க்காரர்கள் எழுதிய திட்டங்களில் அளவு தவறியிருக்கும், செலவுக் கணக்கு இடித்திருக்கும். அவற்றைச் சரிபார்க்க, ஓய்வு பெற்ற பொறியாளர்களையும் அதிகாரிகளையும் தொண்டர்களாக அழைத்தார்கள். வீட்டுத் திண்ணையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் ஆயிரக்கணக்கில் முன்வந்தார்கள். பென்ஷன் வாங்கியவுடன் ஒருவருடைய அறிவும் பென்ஷன் வாங்கிவிடுவதில்லையே! முதல் சில ஆண்டுகளின் வேகம் பிற்பாடு தளர்ந்தது உண்மைதான். ஊர்க் கூட்டத்துக்கு வருவோர் குறைந்தார்கள். எனினும், உள்ளூர் மன்றங்களுக்குத் திட்டப் பணம் ஒதுக்கும் முறை அங்கே நிலைத்துவிட்டது.

கேரளத்தில் அரசே பணத்தை ஒதுக்கிற்று. நமக்கு அப்படியில்லை; ஆட்சேபம் சொல்லும் உரிமை மட்டும்தான். அளவு சிறியது, ஆனால் பழக வேண்டிய முறை ஒன்றே. அதை நம் சங்கங்களில் எப்படிச் செய்யலாம் என்று பார்ப்போம்.

வரைபடத்தின் அளவு என்பதிலிருந்து தொடங்குங்கள். ஒன்றுக்கு ஐயாயிரம் என்று ஓரத்தில் போட்டிருந்தால், படத்தில் ஒரு சென்டிமீட்டர் தரையில் 50 மீட்டர். இதைச் சொல்லிவிட்டுப் போனால் யாருக்கும் விளங்காது. ஒரு தீப்பெட்டியை எடுத்து அந்தப் படத்தின் மேல் வையுங்கள். அது மறைக்கும் இடம் ஏறக்குறைய பத்து ஏக்கர். இருபது மீட்டர் அகலமுள்ள கோயில் அந்தப் படத்தில் நான்கு மில்லிமீட்டர்தான் வரும். ஓர் அரிசி மணியைவிடச் சிறியது. அதே தீப்பெட்டியை ஒன்றுக்குப் பத்தாயிரம் என்ற படத்தில் வைத்தால் நாற்பது ஏக்கருக்குமேல் மறைந்துவிடும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை நாங்கள் செய்து காட்டியிருக்கிறோம். மறுநாள் பார்த்தால் பிள்ளைகள் வீட்டில் தாத்தாவுக்குச் செய்து காட்டிக்கொண்டிருப்பார்கள். திட்ட அளவு ஹெக்டாரில் எழுதப்பட்டிருக்கும். ஒரு ஹெக்டார் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும். பெரியவர்களின் மனக்கணக்கு இன்னும் ஏக்கரில்தான் ஓடுகிறது.

அடுத்தது நிறம். வரைபடத்தின் ஓரத்தில் பெத்துஞ்சுக் என்ற கட்டத்தில் எந்த நிறம் எதற்கு என்று போட்டிருக்கும். அதைப் பார்க்காமல் படத்தைப் பார்ப்பது, மேல்விலாசம் பார்க்காமல் கடிதத்தைப் பிரிப்பது போல. பச்சையாக இருந்த இடம் புதிய நகலில் தொழிற்சாலைக்குரிய ஊதாவாக மாறியிருந்தால், அங்கேதான் விரலை வைத்து நிற்க வேண்டும்.

பிறகு நடை. திட்டம் பார்க்கப் பழகுகிற இளைஞரை மூத்தவர் ஒருவர் தம்முடன் அழைத்துக்கொண்டு தோட்டத்தின் எல்லையைச் சுற்றி வர வேண்டும். பழைய ஆயாக் கொட்டகை இருந்த இடம், கிணறு, இடுகாட்டின் கடைசிக் கல், மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் வாய்க்கால் எல்லாம் மூத்தவர் தலையில்தான் இருக்கின்றன, தாளில் இல்லை. இளைஞர் அவற்றைத் தாளில் குறிக்க வேண்டும். இந்த நடையில் பெண்களை விட்டுவிட்டுப் போவது பெரிய நஷ்டம். எந்தச் சாலையோரத்தில் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள், எந்த வீட்டு வாசலில் மழைத் தண்ணீர் நிற்கிறது, கிளினிக்குக்கு எத்தனை மைல் என்பதெல்லாம் நம் தாய்மார்களுக்கு ஆண்களைவிட நன்றாகத் தெரியும். கேரளத்தில் உள்ளூர்த் திட்டப் பணத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு பெண்களுக்கான திட்டங்களுக்கு என்று வகுத்தார்கள். நம் செயலவைகளில் பெண்களுக்கு இன்னும் தேநீர் கலக்கும் வேலைதான் பெரும்பாலும் கிடைக்கிறது.

இப்படித் தயாரான படத்தை வைத்துக்கொண்டுதான் நகராண்மைக் கழகத்துக்குப் போக வேண்டும். முதல் தடவை மூத்தவர் பேசட்டும், இளையவர் கேட்கட்டும். அடுத்த தடவை இருவரும் சேர்ந்து பேசலாம். மூன்றாம் தடவை இளையவர் பேச, மூத்தவர் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும். மூன்றாவதுதான் மிகவும் கஷ்டம். இளையவர் தடுமாறும்போது, 'விடு தம்பி, நான் சொல்றேன்' என்று இடையில் புகாமல் இருக்கப் பெரிய பொறுமை வேண்டும். தடுமாற்றத்தைப் பொறுக்காதவரிடம் யாரும் எதையும் கற்க முடியாது.

இந்த இடத்தில் நம் சங்கங்களின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். இருபது ஆண்டாக ஒருவரே செயலாளர். அலமாரிச் சாவி அவர் இடுப்பில். முத்திரை அவர் வீட்டில். துணைச் செயலாளர் என்று ஒருவர் பெயர் தலைப்புத் தாளில் அச்சாகியிருக்கும். ஒரு கடிதம்கூட எழுதியிருக்க மாட்டார். செயலாளர் நல்லவர்தான், உழைப்பாளிதான், காசில் கை வைக்காதவர்தான். ஆனால், ஒருநாள் அவர் படுக்கையில் விழுந்துவிட்டால் சங்கமும் படுத்துவிடுகிறது. 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டப்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பியாக வேண்டும். அனுப்பாமல் விட்டுப் பதிவை இழந்த சங்கங்கள் நம்மிடையே உண்டு. பதிவு போன பிறகு அந்தச் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதினால் அதற்கு என்ன மதிப்பு?

இப்போது அந்த அறிக்கையைக் கணினி வழியாக அனுப்பும் முறை வந்துவிட்டது. திட்ட வரைபடங்களையும் இணையத்தில் பார்க்க முடிகிறது. இதனால் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. மூத்தவருக்குத் தெரியாத ஒன்று இளையவருக்குத் தெரிகிறது. கைப்பேசியில் வரைபடத்தை விரித்துப் பெரிதாக்கிக் காட்டும் பெண்பிள்ளையும், அதில் தெரியும் வளைவைப் பார்த்து, 'இது பழைய பாலத்துத் திருப்பம்' என்று அடையாளம் சொல்லும் பாட்டியும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் அங்கே இருவருமே ஆசிரியர், இருவருமே மாணவர்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். மேடையில் முழங்குகிறவரையே நாம் எல்லாவற்றுக்கும் அனுப்புகிறோம். திட்டம் படிக்கும் வேலைக்கு முழக்கம் தேவையில்லை. பொறுமையும் மலாய் மொழியில் தெளிவாக எழுதும் ஆற்றலும் தேவை. இடைநிலைப் பள்ளி முடித்துவிட்டு சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ வேலை பார்க்கும் பிள்ளைகளில் அத்தகையவர் தோட்டத்துக்கு இருவராவது இருப்பார்கள். ஒருவர் போதாது. ஒருவர் கல்யாணமாகி வெளியூர் போனால் மற்றவர் இருக்க வேண்டும். ஒவ்வொரு தோட்டமும் தனியாகச் செய்ய முடியாதபோது பீடோங், பாடாங் செராய், லூனாஸ் என்று வட்டாரத்துக்கு ஒரு குழுவாகக் கூடலாம். பக்கத்துத் தோட்டத்தின் வரைபடத்தைப் படித்துப் பழகினால் தன் தோட்டத்தின் வரைபடம் வரும்போது பதற்றம் இராது. முன்னே சொன்ன கிழட்டு மரக் கணக்குத்தான் இது: முடிந்துபோன பழைய திட்டத்தின் படத்தை வாங்கி, அதில் பழகலாம். பிழை விட்டாலும் யாருக்கும் சேதமில்லை.

கடைசியாக ஆட்சேபக் கடிதம். 'எங்கள் உணர்வுகளைப் புண்படுத்துகிறது' என்று மட்டும் எழுதினால், அதை வாசிக்கும் அதிகாரி அனுதாபப்படலாம். வரைபடத்தில் எதைத் திருத்துவது என்று அவருக்குத் தெரியாது. எந்தத் திட்டம், எந்தப் பக்கம், எந்த லாட் எண், இப்போது அங்கே என்ன இருக்கிறது, எத்தனை ஆண்டாக இருக்கிறது, எத்தனை குடும்பம் அதைப் பயன்படுத்துகிறது, வரைபடத்தில் என்ன நிறம், அதற்குப் பதில் என்ன வேண்டும் என்று எழுத வேண்டும். பழைய புகைப்படம், திருவிழா நோட்டீஸ், பள்ளியின் பழைய வருகைப் பதிவேடு ஆகியவற்றின் நகல் இருந்தால் சேர்க்கலாம். ஆட்சேபம் எழுதியவர்களை நேரில் அழைத்துக் கேட்க விசாரணைக் குழு உண்டு. ஆகவே நேரில் பேச விரும்புவதாகக் கடிதத்திலேயே குறிப்பிட வேண்டும். ஒரே கடிதத்தில் ஐந்நூறு பேர் கையெழுத்துப் போடுவது நல்லதா, ஐம்பது பேர் தனித்தனியாக எழுதுவது நல்லதா என்று கேட்பார்கள். தனித்தனியாக எழுதினால் ஒவ்வொருவரும் தாம் அறிந்ததை எழுதுவார்கள். அந்த ஐம்பதில் இளையவர்கள் பத்துப் பேராவது தாமே எழுதியிருந்தால் அடுத்த முறைக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

நகல் திட்டம் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறதா என்பதைச் சுங்கை பட்டாணி, கூலிம் நகராண்மைக் கழகங்களின் திட்டப் பிரிவிலும், மற்ற இடங்களில் உள்ள ஊராட்சி மன்ற அலுவலகத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அலோர் ஸ்டாரில் பிளான்மலேசியா என்று இப்போது பெயர் மாறியுள்ள திட்ட இலாகாவிலும் விசாரிக்கலாம். போகும்போது இருவராகப் போங்கள். ஒருவர் இளையவராக இருக்கட்டும். கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு, ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் தேதியுடன் முத்திரை வாங்கிச் சங்கக் கோப்பில் வையுங்கள். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பது குறைந்தது மூன்று பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.